ராபியாவின் அளவு

பத்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்ப வேண்டிய திங்கட்கிழமை காலையில், ராபியாவின் சுடிதார் டாப்புகளில் ஒன்றுகூட அவளுக்குப் பத்தவில்லை. முதலில் நீலத்தைப் போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. அரக்கு நிறத்தில் ஒன்று தலை வழியாக இறங்கி, மார்போடு நின்றுகொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அடம்பிடித்தது. கடைசியில் மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இரண்டு கைகளையும் தூக்கியபடி துணிக்குள் தலை மாட்டிக்கொண்டு நின்ற உம்மாவை மெஹக் மெதுவாக உருவி வெளியே எடுத்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ராபியாதான் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து, கிடந்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

போன வருஷம் நல்ல மழையில் தாராவி வீட்டின் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். மாடி அறையை விட்டு ஆறு மாதம் அவள் இறங்கவில்லை. எலும்பு கூடட்டும் என்று கணவன் தாஹிர் வாரத்துக்கு மூன்று நாள் ஆட்டுக்கால் பாயா வாங்கி வந்தான். தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து வருகிற வழியில் சூடான சமோசாவும் சேர்ந்து வரும். கால் கூடியது. அதன் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தைராய்டும் இருப்பதாகச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு கிலோவாக இருந்தவள் இப்போது எண்பத்தொன்று.

"புதுசா ரெண்டு எடுத்துக்கயேன் ராபியா," என்றான் தாஹிர், டீயைக் குடித்தபடி. அவன் கண்ணுக்கு அவள் மாறியதாகவே தெரியவில்லை போலிருந்தது. கால் ஊன்றி நடக்கிறாளே என்பதிலேயே அவன் இன்னும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

"எடுக்கணும். இன்னைக்கு என்னத்தப் போட?"

சல்வார் நாடா வைத்தது, அது எப்படியோ பத்தியது. மேலே வீட்டில் போடும் நைட்டியையே போட்டுக்கொண்டு, அதன்மேல் புர்காவை மாட்டிக் கிளம்பிவிட்டாள்.

ராஜபாண்டி அண்ணாச்சியின் கார்கானாவில் பெண்களுக்கான குர்த்தி தைக்கிறார்கள். பன்னிரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, இஸ்திரிக்கு ஒரு மூலை. ராபியாவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் டேப் வைத்து அளந்து, நூல் பிசிர் வெட்டி, கறை இருந்தால் ஒதுக்கி வைப்பாள். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். வந்ததும் புர்காவைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவது வழக்கம். அன்று கழற்றவில்லை. மறுநாளும் கழற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் சுவர், உள்ளே இஸ்திரிப் பெட்டியின் ஆவி. மத்தியானத்துக்குள் அவள் கழுத்திலிருந்து முதுகு வரை நனைந்துவிடும்.

"ஏட்டி, அதக் கழத்திப் போடேன். வேர்த்து ஊத்துது," என்றாள் விஜயராணி. இரண்டாவது மெஷினில் உட்காரும் அவள் ராபியாவுக்கு நல்ல சிநேகிதி.

"சளி பிடிச்சிருக்கு."

"சளி பிடிச்சவ மூஞ்சியாட்டி இது?"

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் விஜயராணி பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்தாள். "உண்மையச் சொல்லு. உள்ள என்ன போட்டிருக்க?"

"நைட்டி," என்றாள் ராபியா, குனிந்து சோற்றைப் பிசைந்தபடி.

விஜயராணிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரெடியா இரு. செம்பூருக்குப் போவோம்," என்றாள்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் வரிசையாகத் துணிக்கடைகள். மெஹக்கும் கூட வந்தாள். முதல் கடையில் விற்பனைப் பெண் ராபியாவை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஆப்கா சைஸ் தோ முஷ்கில் ஹை," என்றாள், உங்கள் அளவு கிடைப்பது கஷ்டம் என்று. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு ஒரு கறுப்பு, ஒரு கருநீலம், ஒரு காப்பிக்கொட்டை நிறம் என்று மூன்றை எடுத்துப் போட்டாள். இருட்டுக் கலரில் ஒல்லியாகத் தெரியுமாம்.

ட்ரயல் ரூமில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. வீட்டில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. தலை முதல் கால் வரை தன்னைப் பார்த்து ராபியாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பயந்துகொண்டேதான் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே நின்றவள் வேறு யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள். ஆனால் எங்கேயோ பார்த்துப் பழகியவள், பார்த்தால் நின்று பேசக்கூடியவள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை.

துணிகள்தான் சரிப்படவில்லை. எக்ஸெல் மார்பில் பிடித்தது, இடுப்புக்குப் பக்கத்தில் வெட்டு விரிந்து வயிற்றைக் காட்டியது. மூன்று எக்ஸெல் வயிற்றில் சரியாக விழுந்தது. ஆனால் தோள் தையல் கையில் பாதி தூரம் இறங்கிக் கிடந்தது, கழுத்து அகன்று ஒரு பக்கம் சரிந்தது, கைநுனி விரல்களை மூடியது.

"உம்மா, ஒங்களுக்குத் தோளு அப்டியேதான் இருக்கு. வயிறுதான் பெரிசாயிருக்கு. இவங்க பூராத்தையும் பெரிசாக்கி வச்சிருக்காங்க, பைத்தியக்கார ஆளுங்க, பாகல் லோக்," என்றாள் மெஹக், சரிந்த தோளைப் பிடித்துத் தூக்கியபடி.

நான்கு கடை ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் இதே கதை. கடைசியில் ஆளுக்கொரு ஃபலூடா சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஃபலூடா நன்றாக இருந்தது என்பதை ராபியா ஒத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை கார்கானாவுக்கு மூன்று மூட்டைகள் வந்து இறங்கின. எல்லாம் திரும்பி வந்த சரக்கு. மாட்டுங்காவில் இருக்கும் ரஞ்சனா என்ற பெண்மணி பெரிய அளவுக் குர்த்திகளை மட்டும் ஆன்லைனில் விற்கிறவள். முதன்முதலாக ராஜபாண்டி அண்ணாச்சியிடம் நூற்றைம்பது பீஸ் தைக்கக் கொடுத்திருந்தாள். அதில் தொண்ணூறை வாங்கியவர்கள் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி ஒரு பீஸை எடுத்து உதறினார். "அளவு தப்பா? எவ்வளவுக்குத் தைக்கச் சொன்னாங்களோ அவ்வளவுக்குத்தான தச்சிருக்கு? ராபியா, அளந்து பாரும்மா."

அந்த நூற்றைம்பதும் ராபியா வருவதற்கு முன்பு போனவை. அவள் பத்து பீஸ்களை மேஜையில் விரித்து அளந்தாள். மார்பு சரி. இடுப்பு சரி. தோள் பதினேழரை, சார்ட்டில் போட்டிருந்தபடி. "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"நான்தான் சொல்லுதேன்லா," என்றார் கட்டிங் மாஸ்டர் செல்லப்பாண்டி. கையில் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டே பேசுகிறவர். "மீடியம் சைஸுக்கு வெட்டுற அட்டைய வச்சி நாலு பக்கமும் கணக்குப் போட்டு கூட்டியிருக்கேன். முப்பது வருசமா வெட்டுதேன். போடத் தெரியாம திருப்பி அனுப்புனா நாம என்ன செய்ய?"

பதினேழரை. ராபியா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பூர் கடையில் மெஹக் பிடித்துத் தூக்கிய தோள் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, துணிக்கட்டுகள் அடுக்கிய தடுப்புக்குப் பின்னால் போனாள். பெண்கள் உடை மாற்றும் இடம் அதுதான். புர்காவைக் கழற்றினாள், நைட்டியைக் கழற்றினாள், குர்த்தியைப் போட்டாள். வெளியே பன்னிரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. பத்து மாதமாக இந்த உடம்பை வீட்டுக்கு வெளியே ஒருவரும் பார்த்ததில்லை. துப்பட்டாவைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அண்ணாச்சி, இங்க பாருங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "வயிறுல சரியாத்தான் இருக்கு. தோளு எங்க கெடக்குன்னு பாருங்க. கழுத்தப் பாருங்க, உள்ள போட்டிருக்கது தெரியுது. இதப் போட்டுக்கிட்டு யாரு ரோட்டுல போவா?"

அண்ணாச்சி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் குர்த்தியைப் பார்த்தார்.

"நான் இருவத்தி மூணு கிலோ கூடிருக்கேன் மாஸ்டர். தோளெலும்பு ஒரு நூலு கூடல. எலும்பு எப்டிக் கூடும்?" கையைத் தூக்கிக் காட்டினாள். குர்த்தி முழுவதும் கூடவே மேலே ஏறியது. "கையத் தூக்குனா இப்டி. ரயிலு கம்பியப் பிடிச்சா வயிறு தெரியும். முன்பக்கம் பாருங்க, தூக்கிக்கிட்டு நிக்கி. பின்பக்கம் தொங்குது."

"டம்மி பொம்மையில போட்டுப் பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சி," என்றார் செல்லப்பாண்டி. சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"டம்மி மீடியம் மாஸ்டர். துணியச் சுத்திப் பெருசாக்கி வச்சிருக்கீய. அது உக்காராது, குனியாது, ஏணி ஏறாது."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்தார். ஒன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் அதைக் கீழே வைத்து ராபியா பார்த்ததில்லை. "சரி. விஜயராணி, டேப்ப எடு. நீ அளந்து சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்," என்றார்.

அன்று பாதி நாள் அந்த வேலைதான் நடந்தது. மாஸ்டர் நான்கடி தள்ளி நோட்டோடு நின்றுகொண்டார். விஜயராணி அளந்தாள். தோள் பதினாலே முக்கால். மேல்கை பதினாறு. மார்பு, மார்புக்குக் கீழே, வயிறு பெரிதாக இருக்கும் இடம், அதற்குக் கீழே. உட்கார்ந்தால் எவ்வளவு, நின்றால் எவ்வளவு. ராபியா ஒவ்வொரு எண்ணையும் காது கொடுத்துக் கேட்டாள். முதலில் ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தியது. பத்தாவது எண் வந்தபோது, இது வேலை, சரியாக அளக்க வேண்டும் என்ற கவலை மட்டுமே இருந்தது. "ராணி, டேப்ப இறுக்காத. மூச்ச விட்டுட்டு அளக்கணும்," என்று அவளே திருத்தினாள்.

முதல் சாம்பிளில் மார்புக்காகப் பிடித்துத் தைத்த டார்ட் மடிப்பு மார்புக்கு மேலே நின்றது. விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டு, "மாஸ்டர், இவளுக்கு இருவது வயசுன்னு நெனச்சிட்டீய போல," என்றாள். மாஸ்டர் காது சிவக்க அதை ஒன்றரை இஞ்ச் இறக்கினார். இரண்டாவதில் தோளும் கழுத்தும் சரியாக உட்கார்ந்தன, முன்பக்கம் இன்னும் தூக்கியது. பின்பக்கத்தைவிட முன்பக்கத்தை இரண்டு இஞ்ச் நீளமாக வெட்ட வேண்டும் என்று ராபியா சொன்னாள். அப்படி வெட்டினால் கோணலாக இருக்காதா என்று மாஸ்டர் கேட்டார். தரையில் விரித்தால் கோணலாகத்தான் இருக்கும், உடம்பில் ஏறினால் நேராகிவிடும் என்றாள். அவர் நம்பாமல்தான் வெட்டினார். பக்கவாட்டு வெட்டையும் இடுப்புக்குக் கீழே கொண்டுபோனார். வெட்டியதுபோக மிச்சமிருந்த துணியில் மாம்பழ மஞ்சள்தான் போதுமானதாக இருந்தது. அதிலேயே மூன்றாவது சாம்பிளைத் தைத்தார்கள்.

"எனக்கு மஞ்சளா? கடையில கறுப்புல்லா எடுக்கச் சொன்னாங்க," என்றாள் ராபியா.

"போட்டுட்டு வாட்டி," என்றாள் விஜயராணி.

போட்டுக்கொண்டு வந்தாள். கார்கானாவில் பெரிய கண்ணாடி கிடையாது. விஜயராணி மொபைலில் முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று படமெடுத்துக் காட்டினாள். பின்னாலிருந்து தன்னை ராபியா பார்த்ததே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒல்லியாகவெல்லாம் தெரியவில்லை. நல்ல பருமனான ஒரு பெண், தோளில் கச்சிதமாக உட்கார்ந்து, மார்புக்குக் கீழே கொஞ்சமாக விரிந்து, முட்டிக்குக் கீழே சமமாக இறங்குகிற மஞ்சள் குர்த்தியில் நின்றிருந்தாள். துணி எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. கைகளைத் தூக்கினாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் அதைக் கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டே செக்கிங் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

சனிக்கிழமை ரஞ்சனா நேரில் வந்தாள். நாற்பது தாண்டியவள், அவளும் நல்ல வாட்டசாட்டம்தான். திரும்பி வந்த சரக்கைப் பற்றிப் பேசத்தான் கோபத்தோடு வந்திருந்தாள். அண்ணாச்சி அவளுக்கு டீ சொல்லிவிட்டு ராபியாவைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் திரும்பறேளா?" என்றாள் ரஞ்சனா. "கையைத் தூக்குங்கோ. உக்காருங்கோ. அச்சா... இந்தத் தோள் எப்படி இவ்ளோ கரெக்டா வந்தது?"

யாரும் பதில் சொல்வதற்குள், "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா? நான் போட்டுப் பாக்கறேன்," என்று, அதே அளவில் தைத்து வைத்திருந்த இன்னொன்றை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் வெளியே வந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. மொபைல் காமிராவில் தன்னை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு எனக்குத் தனியா எடுத்து வைங்கோ. ஒண்ணு இந்த மஞ்சள்," என்றாள். அதற்குப் பிறகு கோபத்தைப் பற்றிய பேச்சே வரவில்லை.

ராபியா போட்டுக்கொண்டு நிற்கிற படம் வேண்டும், வெப்சைட்டில் போடலாம் என்று அவள் கேட்டாள். ராபியா யோசிக்காமல் மறுத்துத் தலையை ஆட்டினாள். "படம் வேண்டாம்க்கா. அது எனக்குச் சரிப்படாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து அளவெடுக்கணும். என் அளவ வச்சி நாலு எக்ஸெல், அஞ்சு எக்ஸெல் கூட்டுனா மறுபடியும் தோளு தொங்கும்."

"ஆளுக்கு எங்கே போறது?"

"எங்கக்கா ஆறுமுகத்தாய் மான்குர்த்ல இருக்கா," என்றாள் விஜயராணி மெஷினிலிருந்தே. "இவளவிட ரெண்டு சைஸ் கூட. கூப்புட்டா சந்தோசமா வருவா. மத்தியானச் சாப்பாடு மட்டும் நல்லாப் போட்ருங்க."

ரஞ்சனா வாய்விட்டுச் சிரித்தாள். பழைய தொண்ணூறையும் பிரித்துத் திருத்துவதென்றும், புதிய அளவில் இருநூறு தைப்பதென்றும், ராபியாவுக்கு அளவு பார்க்கிற வேலைக்குத் தனியாகச் சம்பளம் போடுவதென்றும் பேசி முடித்தார்கள். ஆறுமுகத்தாய் அடுத்த வாரமே வந்தாள். இரண்டு நாள் இருந்து அளவு கொடுத்தாள், இரண்டு நாளும் சிக்கன் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாஸ்டர் செல்லப்பாண்டி புதிதாக வெட்டிய அட்டைகளில் மூன்று எக்ஸெல், ஐந்து எக்ஸெல் என்று எழுதவில்லை. பெரிய எழுத்தில் 'ராபியா' என்றும் 'ஆறுமுகத்தாய்' என்றும் எழுதிச் சுவரில் மாட்டினார். "லேய், ராபியால அம்பது, ஆறுமுகத்தாய்ல நாப்பது வெட்டணும்," என்று அவர் ஹெல்ப்பரிடம் சத்தம் போடும்போது, புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தாஹிரின் தங்கை ஃபர்ஸானா கல்யாண் நகரில் புதிதாக வாங்கிய வீட்டில் விருந்து வைத்திருந்தாள். சயான் ஸ்டேஷனில் ஸ்லோ டிரெயின் பிடித்து மூன்று பேரும் போனார்கள். உள்ளறையில் பெண்கள் கூட்டம். ராபியா புர்காவைக் கழற்றி மடித்து வைத்ததும் ஃபர்ஸானா வாயில் கை வைத்தாள்.

"மைனி, என்ன இப்டிக் குண்டாயிட்டிய!"

"ஆமா. இருவத்தி மூணு கிலோ," என்றாள் ராபியா.

அவ்வளவு நேராகப் பதில் வரும் என்று ஃபர்ஸானா எதிர்பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ராபியாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். கைத் தையலைத் தடவினாள். "இது எங்க எடுத்திய? எங்க மாமிக்கு நான் கல்யாண் பூரா அலஞ்சிட்டேன். ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

"எங்கயும் எடுக்கல. என் அளவுல நாங்களே தச்சது."

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஃபர்ஸானாவின் மாமியார் கையூன்றி எழுந்து வந்தார். இன்னும் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பின்பக்கம் போய் நீளத்தைப் பார்த்தாள். மஞ்சள்தான் உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. மெஹக் மூலையில் நின்று எல்லாவற்றையும் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ராபியா கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள்.

"கதவச் சாத்து மெஹக். மாமி, நேரா நில்லுங்க. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, சும்மா விடுங்க."

"வயிறு பெரிசால்லா தெரியும்?"

"தெரியட்டும் மாமி. அதுக்குத்தான அளக்கோம்."

மெஹக் மொபைலில் எண்களை ஏற்றிக்கொண்டாள். தோள் பதினைந்தேகால். மேல்கை பதினெட்டு. அடுத்தது நான், அதுக்குப் பொறவு நான் என்று கட்டிலோரம் மூன்று பேர் வரிசை பிடித்துவிட்டார்கள். வெளியே ஹாலிலிருந்து தாஹிர், பிரியாணி ஆறிப்போகுது, எல்லாரும் எங்க போயிட்டிய என்று குரல் கொடுத்தான்.

"ஆறட்டும்ங்க," என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள் ராபியா. "மாமி, நீங்க கைய இறக்காதீங்க."